செவ்வாய் விடுமுறை

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான்
எங்கள் வீட்டின் எல்லாத் திட்டமும்.
சீட்டுப் பணம், பால் கணக்கு,
இப்போது ஐந்து நாள் பயணம்.

வண்டலூர். அமிர்தி. மைசூர்.
மைசூரில் ஏரிக்கரையோரம் ஒரு பறவைக்கூடம்,
நாமே உள்ளே நடந்து போகலாமாம்.
செல்வநாயகம் அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டார்.
அழுத்திய அழுத்தில் பேனா
மறுபக்கத்து ராகுகாலத்தில் போய் எட்டிப் பார்த்தது.

கொளத்தூரில் குடியிருந்துகொண்டு
இதற்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகிறவர்கள்
நாங்களாகத்தான் இருப்போம்.
எங்கள் தெருவில் மூன்று கடைக்கு ஒரு கடை கண்ணாடித் தொட்டி.
காற்றூதிக் கட்டிய பையில் சண்டைமீன்
தன் நிழலோடு மல்லுக்கு நிற்கும்.
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில்
நூறு குருவியின் இரைச்சல் இலவசம்.

செவ்வாய்க்கிழமைதான் சிக்கல்.
வண்டலூர் விடுமுறை, மைசூரும் விடுமுறை.
செவ்வாயோ வெறுவாயோ என்று சும்மாவா சொன்னார்கள்.
எப்படி மடித்தாலும்
அந்த ஒரு நாள் தாளுக்கு வெளியே துருத்தியது.
கடைசியில் அதைத் திரும்பி வரும் நாளாக்கினோம்.

"செவ்வாய்க்கெழம புலி யாரப் பாக்கும்?"
மதுவந்தி கேட்டாள்.
அவர் சுங்கச்சாவடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் குக்கர் விசிலை.

கண் ஆஸ்பத்திரியில் ஃபைல் எடுத்துக் கொடுப்பவள் நான்.
மூன்று நாள் லீவு கிடைத்தது.
நாலாவது நாளுக்கு
ஒரு காய்ச்சலை இப்போதே தயார் செய்து வைத்திருக்கிறேன்.
எனக்கு இருவாட்சி பார்க்க வேண்டும்.
பெட்டை மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு
வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளுமாம்.
அலகு நுழைய மட்டும் ஒரு கீறல்.
ஆண் வெளியே நின்று பழம் ஊட்டுமாம்.
மகளின் பாடப்புத்தகத்தில் படித்தேன்.
உள்ளே அது என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்று
போட்டிருக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் பட்டாணி ஞாபகம் வந்தது.
பால்கனிக் கூண்டில் எங்கள் காக்டெயில்,
கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு.
ஜபீன் வீட்டில் பூனை.
மாடிவீட்டு ரோஸ்லின் சொன்னாள்:
"தினையும் தண்ணியும் வெக்கிறேன்,
பேச்சுத்துணைக்கெல்லாம் என்னால ஆகாது."
கூடவே கொண்டுபோனால் என்ன என்றார் இவர்.
பறவையைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கவா?
உள்ளே விடுவார்களா,
விட்டாலும் வெளியே விடுவார்களா?
சிரித்தோம்.
சிரிப்பு பால்கனிப் பக்கம் போகாமல்
ஹாலிலேயே நின்றுவிட்டது.

வியாழன் இரவு.
டயருக்குக் காற்று, ஃபாஸ்டேகில் பணம்,
புளிசாதத்துக்குப் புளி ஊறுகிறது.
வெள்ளிக்கிழமை சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்.
நம்பிக்கையில்லாத செல்வநாயகம்
வெல்லக் கட்டியை டேஷ்போர்டில் வைத்தார்,
எறும்பு வரும் என்று எடுத்து
நியூஸ்பேப்பரில் சுற்றி மறுபடி வைத்தார்.

நாலு மணி இருக்கும்.
பீப்… பீப்… பீப்…
வண்டியை யாரோ பின்னால் எடுக்கிறார்கள்!
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கீழே ஓடினார்.
வண்டி நின்ற இடத்திலேயே,
பனியில் நனைந்து,
அடியில் ஒரு நாய் தூங்க,
சாவி எங்கள் வீட்டு ஆணியில்.

சத்தம் மேலே இருந்து.
துணி போர்த்திய கூண்டுக்குள்
பட்டாணி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.
எத்தனை நாளாக இதைக் கேட்டுக் கேட்டு வைத்திருந்ததோ,
ஒரு பீப் குறையாமல்,
நாங்கள் வீடு திரும்பும்போதெல்லாம்
வண்டி கேட்டுக்குள் நுழையும் அதே சத்தம்.

அவர் மூச்சிரைக்க மேலே வந்து
ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.
நான் பையின் ஜிப்பைப்
பாதியில் பிடித்தபடி நின்றேன்.

மதுவந்தி துணியை ஒரு ஓரமாகத் தூக்கி
அந்த இடைவெளியில் வாயை வைத்துச் சொன்னாள்:

"செவ்வாய்க்கெழம வந்துடுவோம்.
செவ்வாய்க்கெழம ஒன்னப் பாக்க ஆள் இருக்கும்."